புட்டிக்குள் ஒரு பூதம்

தொழிற்சாலை வேலையை முன்னிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடித்தனம் வந்திருக்கும் சகோதரிகளே! இங்கிலாந்தில் 1963 முதல் லைசென்ஸ் இல்லாமலே வீட்டில் பீர் தயாரிக்கலாம். புட்டியை மூடுமுன் சிறிது சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை விடும், பானம் நுரைக்கும். கனத்த புட்டி, அளந்த சர்க்கரை, 20 டிகிரி அளவில் இரண்டு வாரம், பிறகு குளிர்ச்சி. அதற்கே இத்தனை கட்டுப்பாடு!

"நமக்கேன் அந்தக் கதை? 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறதே!" என்கிறீர்களா? வாஸ்தவம். ஆனால் நீங்கள் போட்டுவைத்த திராட்சை ரசத்துக்குச் சட்டம் தெரியாதே! திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் உண்டு. மே மாதம் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அலமாரியில், அது இஷ்டம்போல் வேலை செய்யும். வாயுவுக்கு வழியில்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். இரவு ஷிப்ட் முடித்து உறங்குகிறவர் விழித்துக்கொள்வது இருக்கட்டும். குழந்தையின் கண் என்ன ஆவது?

ஆகவே, புட்டியையும் மூடியையும் கொதிநீரில் போட்டெடுங்கள். ரசத்தைக் காய்ச்சி, புட்டி சூடாக இருக்கும்போதே ஊற்றி, மேலே ஓர் அங்குலம் காலி விடுங்கள். ஆறியதும் பிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குளிரில் ஈஸ்ட் அடங்குமே தவிர, சாகாது.

மூடி உப்பியிருக்கிறதா? குமிழி தெரிகிறதா? ருசி பார்க்க வேண்டாம். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, கனத்த துணியைச் சுற்றி, வெளியே கொண்டுபோய் மெள்ளத் திறந்து கொட்டிவிடுங்கள். நஷ்டம் ஒரு கிலோ திராட்சைதானே!