வேரைப் பாருங்கள்!

செடி வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால், வாடிய ஆர்க்கிட் செடிக்கு முதல் தேவை தண்ணீர் அன்று. அதன் வேரைப் பார்க்கும் பொறுமையே என்பது என் கருத்து. ஒரு செடியைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோன பிறகே இதை நான் கற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு என் பெற்றோரின் திருமண நாளன்று சித்தப்பா ஓர் ஆர்க்கிட் தொட்டியைப் பரிசளித்தார். ஃபெலனாப்சிஸ் என்பது அவ்வகையின் பெயர். விட்டில்கள் சிறகு விரித்து அமர்ந்தாற்போன்ற வெள்ளைப் பூக்கள் இரண்டு மாதம் உதிராமல் நின்றன. அதைப் பராமரிக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் ஒப்படைத்தார். நானும் பெருமையோடு காலையும் மாலையும் தவறாமல் நீர் ஊற்றினேன். பூக்கள் உதிர்ந்தன, இலைகள் சுருங்கித் துவண்டன. தாகம் என்றெண்ணி இன்னும் ஊற்றினேன். "இனி இது பிழைக்காது, குப்பையில் போட்டுவிடு" என்றார் அம்மா.

எனக்கு மனம் வரவில்லை. எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் சொன்னபோது, "தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தாயா?" என்று கேட்டார். பார்த்தேன். ஈரப் பாசிக்குள் வேர்கள் பழுப்பேறி அழுகிக் கிடந்தன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. நீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடியிருக்கிறது!

காரணம் என்ன? தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இச்செடி பெரும்பாலும் மரக்கிளைகளைப் பற்றியே வாழ்கிறது. புல்லுருவியைப் போல மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை. வேர்களைப் போர்த்தியுள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு காற்றில் உலர்கிறது. காற்றில்லாத ஈரம் அவ்வேருக்கு நஞ்சு.

ஆசிரியை கூறியபடி, தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் அழுகிய வேர்களை நீக்கினேன். நான்கு வேர்களே மிஞ்சின. கரித்துண்டுகளும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் இட்டு, பக்கங்களில் துளையுள்ள மண்தொட்டியில் நட்டேன். கிழக்குச் சன்னலருகே திரைச்சீலை வழியே ஒளி படும்படி வைத்தேன். வேர் பச்சையாயிருந்தால் நீர் வேண்டாம். வெள்ளி நிறமானால் காலையில் நன்றாக ஊற்றி வடியவிட வேண்டும். நடுக்குருத்தில் நீர் தேங்கக் கூடாது. உரமோ புதுவேர் கண்ட பிறகே, அதுவும் மிகக் குறைவாக.

ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. நீர்க்குவளையை எடுத்துப் போய், வேரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிய நாட்கள் பல. மூன்றாம் மாதம் பச்சை நுனியுடன் ஒரு புதுவேர் எட்டிப் பார்த்தது! ஓடிப்போய் அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். இப்போது ஒரு புது இலையும் விட்டிருக்கிறது.

"இன்னும் பூக்கவில்லையே, என்ன பயன்?" என்று வீட்டுக்கு வருவோர் கேட்கின்றனர். பூ உதிர்ந்த செடி செத்த செடியன்று. பூவைப் பார்த்து வாங்குகிறோம். வேரைப் பார்த்து அல்லவா வளர்க்க வேண்டும்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் பெரியோர். என் அன்பும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே தோழியரே, உங்கள் வீட்டில் துவண்ட ஆர்க்கிட் இருப்பின், குப்பைக்கு அனுப்புமுன் ஒருமுறை அதன் வேரைப் பாருங்கள். ஓர் உறுதியான வேர் இருந்தாலும் அது உங்களுக்காகக் காத்திருக்கிறது.