பிள்ளையை ஆரிட்ட விட்டிட்டு வந்தனீங்கள்?

வேலைக்கும் போய், பல்கலைக்கழகத்திலும் படிக்கிற ஒரு தாயிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். வகுப்பில் கேட்பார்கள், நூலகத்தில் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரும் கேட்பார். எங்கள் வகுப்பில் மூன்று பிள்ளைகளின் தகப்பன் ஒருவரும் படிக்கிறார். இரண்டு வருடமாகியும் ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. "இந்த வயசிலயும் படிக்கிறீங்களே, பெரிய விஷயம்" என்கிறார்கள். அவருக்குப் பாராட்டு, எனக்கு விசாரணை.

எனக்கு வேலை புத்தூரில். வகுப்பு சனி, ஞாயிறுகளில் நகரத்தில். கிழமை நாட்களில் படிப்பதென்றால் பின்னேர பஸ்தான் நூலகம். ஏறியவுடன் புத்தகத்தை விரித்தால் நீர்வேலி வரும்வரை ஒரு பக்கம் ஓடும். கோப்பாய் தாண்டும்போது நித்திரை வந்துவிடும். பரீட்சைக்கு முதல் மாதம் முழுக்க நான் அந்த ஒரே பக்கத்தைத்தான் படித்தேனோ என்று சந்தேகம். நல்லவேளை, கேள்வி அதிலிருந்து வந்தது.

இணையவழி வகுப்பு இன்னொரு கூத்து. ஒருநாள் விரிவுரையாளர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான் ஒலிவாங்கியைத் திறந்த நேரம், பின்னாலிருந்து ஒரு குரல்: "உம்மா, தம்பி சட்டிக்குள்ள பேனையைப் போட்டிட்டான்!" நாற்பது பேர் அமைதி. விரிவுரையாளர் நிதானமாகக் கேட்டார், "எந்தச் சட்டி?" மீன்கறிச் சட்டி என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதது, வெள்ளி இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வரும் அறிவித்தல்: 'நாளைய வகுப்பு ஏழரை மணிக்கு மாற்றப்பட்டுள்ளது.' விடுதியில் இருக்கும் மாணவிக்கு இது ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பும் விஷயம். எனக்கோ மாமியின் வீடு, தங்கச்சியின் வீடு, ஓட்டோக்காரத் தம்பி என்று மூன்று பேருடைய சனிக்கிழமையை இரவோடிரவாக மாற்றும் விஷயம். மாணவர் என்றால் தனி ஆள், சமைத்து வைக்க வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்ற எண்ணத்தில்தான் நேரசூசிகள் போடப்படுகின்றன.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவரைச் சேர்த்தபோது, வேலையும் வீடும் உள்ளவர்களும் மாணவர்தான் என்று ஏற்றுக்கொண்டு பாடங்களை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பியது. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் உண்டு. வேலைத்தலத்தைப் பாருங்கள்: 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தொழிலாளிக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தருகிறது. அதே தாய் விரிவுரை மண்டபத்தில் இருந்தால் அந்தச் சட்டம் அவளுக்கு இல்லை. நான் கேட்பது பெரிதல்ல. வகுப்பு நேரத்தை ஒரு கிழமைக்கு முன் சொல்லுங்கள். பிள்ளையோடு இருக்க ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். 'எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ' என்ற வியப்பை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு வீட்டைத் தப்பவிட முடியாது. இந்த மலரை வாசிக்கும் மாணவிகளே, இது உங்கள் விஷயம். உம்மா படிக்கப் போனால் பல வீடுகளில் இரண்டாவது உம்மாவாக்கப்படுபவள் மூத்த மகள். தம்பியைக் குளிப்பாட்டுவது, இடியப்பம் அவிப்பது, தங்கச்சியின் வீட்டுவேலையைப் பார்ப்பது எல்லாம் அவள் தலையில். தாயின் பட்டத்துக்கான விலையை மகளின் சாதாரண தரப் பெறுபேறு கொடுக்கிறது. பிறகு, 'பொம்பிளையள் படிக்கப் போனா வீடு இப்பிடித்தான்' என்று ஊர் சொல்லும். வாப்பா அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று அந்த ஊர் கேட்காது.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை அடுப்பு வாப்பாவுடையது. முதல் மாதம் பருப்பில் உப்பு இல்லை; இரண்டாம் மாதம் உப்பில்தான் பருப்பு. இப்போது மீன் வெட்டவும் பழகிவிட்டார், சந்தையில் விலையும் பேசுகிறார். மூத்தவள் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குச் செய்கிறாள். அவளுக்கு இந்த வருடம் சோதனை. தம்பி கதவைத் தட்டினால், "வாப்பாவிடம் போ" என்று உள்ளிருந்தே சொல்லப் பழகியிருக்கிறாள்.