சாளையின் நீளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கடல்மீன் பிடிப்பில் எந்த மாநிலம் முந்தியது என்ற கணக்கை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-இல் 6.33 லட்சம் டன்னுடன் கேரளம் இரண்டாம் இடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு 6.10 லட்சம் டன்னோடு நின்று, 6.79 லட்சம் டன் பிடித்த தமிழ்நாட்டுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது. இதைப் பின்னடைவு என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேரளக் கரையில் 2012-இல் சுமார் 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021-இல் கிடைத்தது வெறும் 3,297 டன். 2024-இல் அது ஒன்றரை லட்சம் டன்னை நெருங்கியது. இப்படி ஏறி இறங்கும் மீனை நம்பியிருக்கும் கடலின் நிலையை ஓராண்டு எடையிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

ஓராண்டு எடை போதாது என்பதற்குச் சால்மன் பிடிக்கும் இடங்களைப் பாருங்கள். ரஷ்யா 2023-இல் 6 லட்சம் டன்னைத் தாண்டியது. 2024-இல் சுமார் 2.35 லட்சம் டன்னுக்குச் சரிந்தது. பிங்க் சால்மனின் ஆயுளே இரண்டு ஆண்டுதான் என்பதால் ஒற்றை ஆண்டுக்கும் இரட்டை ஆண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரும். குஞ்சு பொரிப்பகங்களை நம்பிய ஜப்பானில், 1990-களில் 2 லட்சம் டன்னுக்கு மேலிருந்த பிடிப்பு இப்போது 1 லட்சத்தையும் தொடுவதில்லை. அலாஸ்கா தன் அரசியலமைப்பிலேயே மீன்வளத்தைக் குறையாமல் காக்கும் கொள்கையை எழுதிவைத்திருக்கிறது. அங்கே முட்டையிட ஆற்றில் ஏறும் மீனை முதலில் எண்ணுகிறார்கள். போதிய மீன் ஏறவில்லையென்றால் பிடிப்பை நிறுத்திவைக்கிறார்கள்.

சாளை ஆறேறாது, அதை எப்படி எண்ணுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கரையில் இறங்கும் மீனின் நீளத்தை அளக்கலாமே! கேரளச் சட்டப்படி 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது. ஆட்காட்டி விரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். முட்டையிடும் பருவத்துக்கு அது சுமார் 15 செ.மீ. வளர வேண்டும் என்பதை நினைத்தால், இந்த வரம்பே தாராளமானது. கடல் சூடேறியதும் எல் நினோவும்தான் சாளையைக் குறைத்தன, வலையைக் குறை சொல்லாதீர்கள் என்பார்கள். கடலின் பங்கை நானும் மறுக்கவில்லை. இயற்கை கைவிட்ட ஆண்டில் மிஞ்சிய குஞ்சையும் வாரினால், நல்ல காலம் திரும்பும்போது முட்டையிட எது இருக்கும்?

கட்டுப்பாட்டால் ஏழை மீனவரின் அடுப்பு அணைந்துவிடுமே என்ற கவலைதான் என்னை உண்மையில் தயங்க வைக்கிறது. விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் சிறு படகில் போகிறவர்கள் கட்டுப்பாட்டின் சுமையைத் தங்கள் பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. குஞ்சு மீன் மீன்தூள் ஆலைக்கு அடிமாட்டு விலைக்குப் போகிறது. அதை வாங்குகிறவரிடமிருந்து சோதனை தொடங்கட்டும், தொழில் நிற்கும் நாட்களுக்கு நிவாரணம் தாமதமின்றிக் கைக்கு வரட்டும். அடுத்த ஆண்டுப் பட்டியலில் டன் கணக்குக்குப் பக்கத்திலேயே, இறங்கிய சாளையில் எத்தனை சதவீதம் 10 செ.மீ.க்குக் கீழே இருந்தது என்பதையும் அச்சிடட்டும்.