இலண்டனில் ஓர் அரைநாள்

தொழில் நிமித்தம் வெளிநாடு செல்லும் எம்மவர்களுக்கு ஒரு நோய் உண்டு. நெடுங்காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அதனை மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்; நானும் ஒரு காலத்தில் அதனால் பீடிக்கப்பட்டவன்தான். மாநாடு முடிந்து விமானம் ஏறுவதற்கு முன்னர் கிடைக்கும் அரைநாளை அப்படியே கடைத்தெருவுக்கு எழுதிக் கொடுத்துவிடுவதே அந்த நோய்.

முதன்முறையாக நான் இலண்டன் சென்றபோது எமது குழுவினர் ரசல் சதுக்கத்துக்கு அருகில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். நிகழ்ச்சிநிரலின் கடைசி வரியில் "ஓய்வு நேரம் - பொருட்கள் வாங்குதல்" என்று அச்சிட்டிருந்தார்கள். வாகனமும் வாசலில் தயாராக நின்றது. ஒக்ஸ்போர்ட் வீதியில் நான்கு மணி நேரம் அலைந்தோம். சொக்லேட், வாசனைத் திரவியம், மைத்துனர் அளவு எழுதித் தந்த சப்பாத்து. இரவு அறையில் பயணப்பையின் மேல் ஏறி இருந்துதான் அதனைப் பூட்ட முடிந்தது. கட்டுநாயக்கவில் வந்திறங்கிய என்னிடம், இலண்டன் எப்படி என்று வீட்டார் கேட்டார்கள். மழை பெய்தது என்றேன். அதற்கு மேல் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அந்த ஹோட்டலிலிருந்து பத்து நிமிட நடையில் பிரித்தானிய நூதனசாலை இருக்கிறது என்பது அடுத்த பயணத்தின்போதுதான் எனக்குத் தெரியவந்தது. நிரந்தரக் காட்சிக்கூடங்களைப் பார்வையிட ஒரு சதமும் கட்டணமில்லை. அங்கே நிற்கிறாள் தாரா. எங்கள் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கண்டெடுக்கப்பட்டவள். எட்டாம் நூற்றாண்டளவில் வார்க்கப்பட்டு, பொன்முலாம் பூசப்பட்ட 143 சென்ரிமீற்றர் உயர வெண்கலச் சிலை. வலக்கரம் வரமளிக்கத் தாழ்ந்திருக்கிறது. இத்தீவில் மகாயானம் தழைத்திருந்த காலத்தின் சாட்சி அவள். தேசாதிபதியாக இருந்த றொபேர்ட் பிரவுன்றிக்கின் கைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்து, 1830இல் அந்த நூதனசாலைக்குக் கொடுக்கப்பட்டாள். மேலாடையில்லாத அவளது மேனி அக்காலத்து வெள்ளையரைச் சங்கடப்படுத்தியதால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொதுமக்களின் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். அன்று அவர்கள் ஒளித்து வைத்தார்கள். இன்று ஒளிவுமறைவின்றி நிற்பவளை நாம் போய்ப் பார்ப்பதில்லை.

காலனித்துவக் கொள்ளை பற்றியும் எமது செல்வங்கள் திருப்பித் தரப்படவேண்டும் என்பது பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிற என் தொழில் நண்பர்களிடமே கேட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்று தடவை இலண்டன் போய் வந்த ஒருவருக்குத் தாரா நிற்கும் இடம் தெரியவில்லை. எந்தக் கடையில் எந்த மாதம் மலிவு விற்பனை என்பது மட்டும் மனப்பாடம்.

உறவினருக்கு ஒன்றும் கொண்டு போகாமல் எப்படி வீடு திரும்புவது என்பார்கள். நியாயமான கேள்விதான், எங்கள் வீடுகளை நானும் அறிவேன். ஆனால் சொக்லேட் விமான நிலையத்திலும் விற்கிறார்கள். உண்மையான காரணம் வேறு. பொருள் வாங்குவதை நாம் கடமை என்று கருதுகிறோம். தேம்ஸ் நதிக்கரை வாங்கில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதையோ, வாட்டர்லூ பாலத்தின் கீழ் பழைய புத்தகங்களைப் புரட்டுவதையோ ஊர்சுற்றல் என்கிறோம். சம்பளத்துடன் வந்தவன் ஊர் சுற்றலாமா என்ற குற்றவுணர்வு! அலுவலகத்துக்காக நான்கு நாட்கள் மூளையைக் கசக்கியவனுக்கு அந்த அரைநாள் பிச்சையன்று. அவன் உழைத்துத் தேடிக்கொண்ட உரிமை.

இலண்டன் வாழ் உறவுகளே, உங்கள் மீதும் எனக்கு ஒரு குறையுண்டு. அன்போடு அழைத்துப் போகிறீர்கள், வயிறாரச் சோறு போடுகிறீர்கள். மறுக்கவில்லை. ஆனால் வெள்ளவத்தையிலிருந்து வந்தவனுக்கு வெம்பிளியில் சேலைக்கடையைக் காட்டி என்ன பயன்? 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணிபுரிந்த லெனார்ட் வூல்ஃப் பிற்காலத்தில் குடியிருந்த டவிஸ்டொக் சதுக்கம், ரசல் சதுக்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு தடவையாவது அங்கே கூட்டிச் செல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் பிரித்தானிய நூதனசாலை இரவு எட்டரை மணிவரை திறந்திருக்கும். மாநாடுகள் பெரும்பாலும் ஐந்து மணிக்கே முடிந்துவிடுகின்றன. தாரா நிற்பது 33ஆம் இலக்கக் கூடத்தில். ஒக்ஸ்போர்ட் வீதிக்குப் போகும் வாகனம் வாசலுக்கு வந்தால், மற்றவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.