கண்டியில் ஒரு பின்னேரம்: அது வெள்ளைக்காரருக்கு மட்டுமா?

வீட்டாக்கள் இல்லாமல், நாங்களாகவே முதன்முதலாகச் சுற்றுலா போவது என்று முடிவெடுத்ததும் வட்ஸ்அப் குறூப்பில் மூன்று நாள் சண்டை. எல்ல என்று ஒருத்தி, அறுகம்குடா என்று இன்னொருவன். கடைசியில் கண்டி என்று முடிந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறினால் விடியக் கண்டியில் இறங்கலாம், ஒரு நாள் அறைக்காசு மிச்சம்.

பிறகு பட்டியல் போட்டோம். வாவி, தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, மலையில் இருக்கிற பெரிய புத்தர் சிலை, இரவுக்குக் கொத்து. பின்னேரம் ஐந்து மணி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "அஞ்சு மணிக்கு ஒரு டான்ஸ் ஷோ இருக்காம், போவமா?" என்று ஒருத்தி கேட்டாள். உடனே பதில் வந்தது: "உது வெள்ளைக்காரருக்குக் காட்டுறது. நாங்கள் ஏன் காசு குடுத்துப் பாப்பான்?"

ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. போய்வந்த பிறகு நாங்கள் நினைப்பது வேறு. கண்டிக்கு முதற்தடவை போகிற ஒரு தமிழ்ப் பெடியனோ பெட்டையோ முதலில் திட்டமிட வேண்டியது அந்தப் பின்னேரத்தைத்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமையட்டும்.

"வெள்ளைக்காரருக்கு" என்று சொல்லும்போது நாங்கள் உண்மையில் இரண்டு விசயங்களைச் சொல்கிறோம். ஒன்று, அது போலி, காசுக்காகச் செய்கிறது. இரண்டாவது வெளியில் சொல்லாதது: அது சிங்களவருடையது, எங்களுக்கு அதில் என்ன வேலை? இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது, போலி என்பது. மண்டபத்தில் நடப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். சங்கு ஊதி மேளத்தோடு தொடங்கும். பூசை நடனம், பந்தேரு, மயில், முகமூடி, கைவிரலில் றபான் சுழற்றுதல், கடைசியில் வெஸ் நடனம். பிறகு எல்லாரும் வெளியே வந்து தீ மிதிப்பைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள்தான். இதைப் பார்த்து "இதுதான் கண்டி நடனம்" என்று நினைத்தால் ஏமாந்துதான் போவோம். வெஸ் என்ற அந்த வெள்ளித் தலையணி மேடைக்காக வந்ததில்லை. அது கொஹொம்ப கங்காரிய என்ற சடங்குக்குரியது. ஊரின் சுகத்துக்கும் விளைச்சலுக்கும் நேர்ந்து இரவிரவாக நடக்கும் சடங்கு அது. குவேனிக்கு விஜயன் செய்த துரோகத்தால் வந்த சாபம் பண்டுவாசுதேவ அரசனை நோயாகப் பிடித்தது, அதை நீக்க முதன்முதலில் இந்தச் சடங்கு செய்யப்பட்டது என்பது கதை. வருசக்கணக்காகப் பயின்ற பிறகு, நல்ல நாள் பார்த்துத்தான் ஒரு ஆட்டக்காரர் அந்தத் தலையணியை முதன்முதலாக அணிவார்.

ஆனால் இது நேற்று சுற்றுலாத்துறை வந்து கெடுத்த கதையும் இல்லை. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தபோதே அவருக்குக் கண்டியில் நடனம் காட்டினார்கள். 1880களில் ஜேர்மன்காரரான கார்ல் ஹாகன்பெக் இலங்கையிலிருந்து யானைகளையும் ஆட்டக்காரர்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், மிருகக்காட்சிசாலைகளில் காட்சியாக வைத்தார். அந்நியருக்கு முன்னால் ஆடுவது இந்தக் கலைக்கு நூற்றைம்பது வருசத்துப் பழக்கம். அந்த நூற்றைம்பது வருசமும் கலைக்கு வெளியில் இருக்கிற அழுக்கு இல்லை, அதன் வரலாற்றிலேயே ஒரு பகுதி. ஐந்து மணிக் காட்சியைப் போலி என்று ஒதுக்கிவிட்டு "அசல்" தேடிப் போகிறவர் இதைத் தவறவிடுகிறார்.

யார் ஆடுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இந்த மேளத்தையும் ஆட்டத்தையும் பரம்பரையாகக் காத்தவர்கள் பெரவா என்ற சாதியினர். சிங்களச் சமூகத்தில் மேளமடிக்கிறவர்கள் என்று கீழே வைக்கப்பட்டவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களுடைய ஆட்டம் தேசியக் கலையானது. பாடசாலைப் பாடமானது, வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கெல்லாம் முன்னுக்கு வந்தது. ஆட்டம் மேலே போனது. ஆடினவர்களுக்கு அதே அளவு மரியாதை போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. இதைக் கேட்கும்போது எங்களுடைய ஊர்களில் செத்தவீட்டுக்குப் பறை அடிக்க அழைத்தவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினது நினைவு வரவேண்டும். இப்போது பறையை எங்கள் விழா மேடைகளுக்குப் பெருமையாக ஏற்றுகிறோம். அதை அடித்துக் காத்த குடும்பங்களை எங்கே நிறுத்தியிருக்கிறோம்? கண்டி மண்டபத்துக் கதிரையில் இருந்துகொண்டு இதை யோசிக்கலாம். எங்கள் ஊரில் இருந்துகொண்டு யோசிப்பதைவிட அது கொஞ்சம் சுகமாகவும் இருக்கிறது, அதுதான் வெட்கம்.

இரண்டாவது விசயத்துக்கு வருவோம். எங்களில் பெரும்பாலானவர்கள் கண்டி நடனத்தை முதன்முதலில் பார்த்தது கண்டியில் இல்லை. ஊருக்கு அமைச்சர் ஒருவர் வந்து கட்டடம் திறந்தபோது, அவருக்கு முன்னால். நாங்கள் வெயிலில் கொடி பிடித்துக்கொண்டு நின்றோம், மேளம் போனது, பின்னால் அமைச்சர் வந்தார். அந்த மேளச் சத்தம் எங்களுக்கு அதிகாரத்தின் சத்தமாகத்தான் காதில் ஏறியது. அதை இல்லையென்று சொல்லிக் கலை எல்லாருக்கும் பொது என்று பாடமெடுக்க நாங்கள் வரவில்லை. கண்டிக்குள்ளும் அந்த நினைவு இருக்கிறது. 1983 யூலையில் அந்த நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தன. 1998 ஜனவரியில் மாளிகை வாசலில் புலிகளின் லொறிக் குண்டு வெடித்தது, சாமி கும்பிட வந்த சனம் செத்தது. இன்றைக்கும் மாளிகை வாசலில் பையைத் திறந்து காட்டும்போது, அடையாள அட்டையிலிருக்கிற பெயரை நினைத்து எங்கள் குரல் தானாகத் தாழ்கிறது. அந்த அந்தரம் பொய்யில்லை.

ஆனால் அந்த அந்தரத்துக்குள்ளேயே இருந்துகொண்டு பார்த்தாலும் தெரிகிற சில விசயங்கள் உண்டு. எசல பெரஹராவில் மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும்: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. கதிர்காமத்தோடு காவடி வருகிறது. பத்தினி வேறு ஒருவருமில்லை, எங்கள் கண்ணகிதான். ஊர்வலத்தில் பெண்கள் ஆடி வருவதும் அவளோடுதான். உண்மையில் பெரஹரா முதலில் இந்தத் தெய்வங்களின் விழாவாகத்தான் இருந்தது. புத்தரின் தந்தம் அதில் முதலிடத்துக்கு வந்தது 1775ஆம் ஆண்டளவில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில். அவன் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்து அரசன். வாவியைக் கட்டுவித்ததும் அதே வம்சத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்தார்கள், பிறகு நாடுகடத்தினார்கள், வேலூரில் இறந்தான்.

இன்னொன்று. பெரஹராவும் நல்லூர்த் திருவிழாவும் வருவது கிட்டத்தட்ட ஒரே நாட்களில். ஆடி அமாவாசைக்குப் பிறகு நல்லூரில் கொடியேறுகிற நாட்களில்தான் கண்டியில் கும்பல் பெரஹரா தொடங்குகிறது. ஐந்து இரவு கும்பல், ஐந்து இரவு ரந்தோலி, பௌர்ணமியோடு முடிந்துவிடும். எங்களுக்கு இருபத்தைந்து நாள், அடுத்த அமாவாசை வரை போகும். ஒரே நிலவின் கீழே, ஏ9 வீதியின் இரண்டு முனைகளிலும் இரண்டு ஊர்கள் திருவிழாக் கொண்டாடுகின்றன. ஒன்றின் திருவிழாவை மற்றது பார்ப்பதில்லை.

இதையெல்லாம் சொல்வது "அதுவும் எங்கடை" என்று உரிமை கொண்டாடவில்லை. நாயக்கர் வம்சத்தைப் பிடித்துக்கொண்டு கண்டியே தமிழர்களுடையது என்று முகநூலில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அந்தக் கலையைப் பார்க்காமல் இருப்பதற்கான இன்னொரு வழிதான். நாங்கள் சொல்வது சின்ன விசயம்: அங்கே நாங்கள் முழுக்க அந்நியரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. அயலவர். அயலவருக்கு என்று ஒரு முறை இருக்கிறது. கேட்டுப் பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

அப்படித்தான் கடைசியில் போனோம். மண்டபத்தின் பெயர் வேண்டாம். வாசலில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள், எந்த ஆட்டம் எதைப் பற்றியது என்று. ஆங்கிலம் இருந்தது, பிரெஞ்சு, ஜேர்மன், சீனம், இன்னும் எங்களுக்குப் பெயர் தெரியாத எழுத்துகள். தமிழ் இல்லை. எங்களில் ஒருத்திக்குக் கோபம் வந்துவிட்டது. 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. மண்டபம் கச்சேரி இல்லைத்தான், என்றாலும் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறவரின் மொழி இருக்கிற இடத்தில் பக்கத்து மாகாணத்து மொழி இல்லை. ஹட்டனிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் தினமும் கண்டிக்கு வேலைக்கு வந்துபோகிற சனத்தின் மொழி இல்லை. அவள் அரைகுறைச் சிங்களத்தில் போய்க் கேட்டாள். தாள் கொடுத்த ஐயா சண்டை பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தமிழில் வேணும் என்று கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லையே, மகள்."

அந்தப் பதில் எங்களுக்குப் போதவில்லை. கேட்டால்தான் கிடைக்கும் என்றால் அது உரிமை இல்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை. "உது வெள்ளைக்காரருக்கு" என்று நாங்கள் ஒவ்வொருவரும் ஒதுங்க ஒதுங்க, அது வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் ஆகிறது. 2019 ஏப்ரல் குண்டுகள், பிறகு கொரோனா, பிறகு 2022இல் பெற்றோலுக்கு வரிசை. மூன்று தடவை வெளிநாட்டவர் வராமல் போனபோது மூன்று தடவையும் இந்த மேளக்காரர்களுக்குப் பிழைப்பு விழுந்தது. உள்ளூர்ச் சனம் வந்து பார்க்கிற கலைக்கு இவ்வளவு அடி விழுந்திராது.

ஆகவே, முதற்தடவை போகிறவர்களுக்கு எங்கள் பட்டியல் இதுதான்.

பெரஹரா நேரத்தில் முதற்பயணம் வேண்டாம். அறைகளின் விலை பலமடங்கு ஏறும், வீதியோரக் கதிரையும் காசுக்கு. நடைபாதையில் இலவசமாக இருந்து பார்க்க வேண்டுமென்றால் மத்தியானமே இடம் பிடிக்க வேண்டும். சங்கிலியோடு நடக்கிற யானைகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். 2019இல் எலும்பும் தோலுமாக இருந்த திக்கிரி என்ற எழுபது வயது யானையை உடுப்பால் மூடி நடத்திய படம் உலகமெல்லாம் போனது. அதைப் பார்த்த பிறகு யானை அலங்காரத்தை வெறும் வடிவாகப் பார்க்க எங்களால் முடியவில்லை. பெரஹராவுக்குப் பிறகொருக்கால், முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

சாதாரண வாரநாளில் போங்கள். மண்டபத்துக்கு அரை மணிநேரம் முந்திப் போனால் முன்வரிசையில் இடம் கிடைக்கும். மேளத்துக்குக் கிட்ட இருப்பதுதான் முக்கியம். கெட்ட பெரயின் இரண்டு பக்கமும் வேறுவேறு தோல், வேறுவேறு சத்தம். அது தொலைபேசிப் பதிவில் வராது. முதல் இரண்டு ஆட்டத்துக்காவது தொலைபேசியை உள்ளே வையுங்கள். மயில் ஆட்டம் வந்தால் அது பதினெட்டு வன்னம்களில் ஒன்றிலிருந்து வருகிறது என்று நினைவில் வைத்திருங்கள். வண்ணம் என்ற சொல் எங்களுக்கும் தெரிந்ததுதானே. காட்சி முடிய ஆறு மணி ஆகும். அப்படியே நடந்துபோனால் மாளிகையின் மாலைப் பூசைக்குப் போய்ச் சேரலாம். அங்கே அதே மேளத்தைக் காட்சியாக இல்லாமல், வேலையாக அடிப்பார்கள். இரண்டையும் ஒரே பின்னேரத்தில் கேட்டால்தான் வித்தியாசம் விளங்கும்.

அடுத்த நாள் பேராதனைப் பூங்காவோடு திரும்பிவிடாமல் பல்கலைக்கழகத்துக்குள்ளும் போங்கள். சரச்சந்திரவின் பெயரில் ஒரு திறந்தவெளி அரங்கு இருக்கிறது. 1956இல் 'மனமே' போட்டவர் அவர். அதற்கு அவர் அடியெடுத்த நாடகம் என்ற சிங்கள ஆட்டவடிவம் எங்கள் கூத்தோடு உறவுள்ளது. அதே வளாகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்தார். கண்டிக்குப் பக்கத்தில், எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் நடந்தது இது.

தாள் விசயம் பாக்கி. அன்றிரவு கொத்துக் கடையில் இருந்து, ஆங்கிலத் தாளைப் பார்த்து, நாங்கள் தமிழில் ஒன்று எழுதினோம். 'பந்தேரு'வுக்கு என்ன சொல்வது என்று அரை மணிநேரம் சண்டை, கடைசியில் பந்தேரு என்றே விட்டோம். பஸ் ஏறமுன் அதைக் கொண்டுபோய் அந்த ஐயாவிடம் கொடுத்தோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அச்சடிப்பார்களா என்று சொல்ல முடியாது. நீங்கள் போகும்போது வாசலில் கேளுங்கள், தமிழில் தாள் இருக்கிறதா என்று. இல்லையென்றாலும் கேளுங்கள்.