பழைய பெயரில் புதிய ரீல்

ஸ்வீடனில் ஸ்வாங்ஸ்டா என்று ஒரு சிற்றூர். அங்கே 1921-இல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் என்பவர் தொடங்கிய தொழிற்சாலைதான் ஆபு. முதலில் கடிகார வேலை, பிறகு டாக்சி மீட்டர். இரண்டாம் உலகப் போர் வந்து டாக்சி மீட்டரைக் கேட்க ஆளில்லாமல் போனதும், பல்சக்கரம் செய்யத் தெரிந்த கைகள் தூண்டில் ரீல் செய்ய ஆரம்பித்தன. 1950களில் அங்கிருந்து வெளிவந்த சிவப்பு நிற அம்பாசடர் 5000 ரீலை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் உண்டு. (நம்மூர் அம்பாசடர் காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் காருக்கும் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் வேலை இருக்கிறது.)

அந்த ரீல் ஒரு தோல் பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் ரீலோடு ஒரு சிறு ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி, உதிரிபாகப் பட்டியல் எல்லாம் இருந்தன. கூடவே, நரம்பைச் சுருளில் சீராகப் பரப்புகிற சிறு உலோகப் பல் ஒன்றும் உபரியாக இருந்தது. ரீலில் முதலில் தேய்வது அந்தப் பல்தான். அதாவது, "இது தேயும், தேய்ந்தால் நீங்களே கழற்றி மாற்றிக்கொள்ளுங்கள்" என்று விற்கும்போதே நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1970களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ரீலின் அடிக்காலில் ஆறு இலக்க எண் ஒன்றைப் பொறித்தார்கள். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 770500 என்றால் 1977 மே. நடுவில் ஏதாவது ஒரு திருகாணியை மாற்றியிருந்தாலும், எந்த மாத ரீலுக்கு எந்தத் திருகாணி என்று பழுது பார்ப்பவருக்குக் குழப்பமில்லாமல் தெரியும். வடிவத்தை மாற்றுவது தவறே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவர்களும் மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். மாற்றியதைச் சொல்லிவிட்டு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இப்போது நடப்பதைப் பார்ப்போம்.

ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் உச்ச ரீல் ஸ்டெல்லா. 1992-இல் வந்தது. பிறகு 1995, 1998, 2001, 2004, 2007, 2010, 2014, 2018, 2022 என்று பேருந்து அட்டவணை மாதிரி புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். அந்த ஊர்த் தூண்டில்காரர்கள் ஆண்டைச் சேர்த்துத்தான் பெயரே சொல்வார்கள். விலை நம்மூர்ப் பணத்தில் அரை லட்சத்தைத் தாண்டும். இதே நிறுவனத்தின் ஸ்ட்ராடிக் சிஐ4+ என்ற எடை குறைந்த ரீலுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது. 2020-இல் அதன் இடத்துக்கு வான்ஃபோர்ட் என்ற புதுப்பெயர் வந்தது.

புதியதில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். உப்புத் தண்ணீர் உள்ளே புகாதபடி அடைப்பு வைத்திருக்கிறார்கள். பெரிய மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் ட்ராக் வட்டுகளைப் பல ரீல்களில் கார்பனுக்கு மாற்றிவிட்டார்கள். கைப்பிடி பின்பக்கம் துளிகூடச் சுழலாது. கடலில் மீன் பிடிக்கிறவருக்கு இவையெல்லாம் உண்மையான லாபம். "அந்தக் காலத்து ரீல் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுகிறவர்களும், பழைய ரீலைக் கடல் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்துவிட்டுப் பேசினால் நல்லது.

பிரச்சினை பழையதை நிறுத்தும்போது கூடவே நிறுத்தப்படும் உதிரிபாகங்களில்தான் இருக்கிறது. ஸ்பின்னிங் ரீலில் நரம்பைப் பிடித்துச் சுருளில் ஏற்றும் வளையக் கம்பி ஒன்று உண்டு, பெயில் என்பார்கள். அதை மூட வைப்பது சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பிரிங். அது உடைந்தால் மீதி ரீல் முழுக்க நன்றாக இருந்தும் பயனில்லை, காகித எடைக்கு வேண்டுமானால் வைக்கலாம். பத்து ரூபாய்ப் பொருளுக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் சாகிறது. அதனால்தான் செத்த ரீல்களை வாங்கிப் பிரித்து, பாகம் பாகமாக விற்கும் தனி வியாபாரமே இணையத்தில் நடக்கிறது. கிட்னிக்காக ஆள் தேடுவது போல, ஒரு ஸ்பிரிங்குக்காக முழு ரீலையும் வாங்குகிறார்கள்!

வணிகவியல் படிக்கிற யாரும் நிறுவனத்தின் பக்கத்தையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். உதிரிபாகம் என்பது மெதுவாக நகரும் சரக்கு. ஒவ்வொரு மாடலுக்கும் நூறு பாகம், பத்து மாடல், நாலு தலைமுறை என்று பெருக்கினால் கிடங்கில் நாலாயிரம் வகை தூங்கும். அதில் முடங்கிய மூலதனத்துக்கு வட்டி உண்டு, இடத்துக்கு வாடகை உண்டு, அச்சுகளைப் பராமரிக்கச் செலவு உண்டு. இத்தனை ஆண்டுக்குள் ஒரு பாகத்தைக் கேட்டு ஒருவரும் வராவிட்டால் அதைக் கணக்கிலிருந்து கழித்துவிடு என்றுதான் எந்தத் தணிக்கையாளரும் சொல்வார். அதோடு கடைக்காரருக்கும் புது மாடல் வேண்டும். 1920களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஆண்டுக்கு ஒரு மாடல் என்று ஆரம்பித்து வைத்தது இன்று ரீல் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. உதிரிபாகக் கிடங்கைச் செலவு என்று எழுதுகிறவர்கள், பெயருக்கு வரும் மதிப்பை மட்டும் சொத்து என்று எழுதுகிறார்கள். அந்த மதிப்பு எங்கிருந்து வந்ததாம்? முப்பது வருடம் உழைத்த ரீலிலிருந்து வந்தது. முப்பது வருடம் உழைத்தது ஸ்பிரிங் கிடைத்ததால்.

பிரான்ஸின் மிட்செல் 300 இதற்குப் பொருத்தமான சாட்சி. குளூஸ் என்ற கடிகார ஊரில் கார்பானோ அண்ட் பான்ஸ் நிறுவனம் செய்தது. போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஸ்பின்னிங் ரீல் என்றாலே மிட்செல் என்று ஆகும் அளவுக்கு விற்றது. பிறகு நிறுவனம் கைமாறிக் கைமாறி, பியூர் ஃபிஷிங்கின் பெயர்ப் பட்டியலில் வந்து சேர்ந்தது. ஆபுவும், ஃபிலடெல்ஃபியாவில் ஓட்டோ ஹென்ஸே 1932-இல் தொடங்கிய பென்னும், இங்கிலாந்தின் ஹார்டியும்கூட இன்று அதே கூரையின் கீழ்தான். மிட்செல் 300 என்ற பெயரில் பிறகும் ரீல்கள் வந்தன. பழைய 300-ஐப் பார்த்தவர்களுக்கு அவற்றில் அடையாளம் தெரிவது அந்த எண் மட்டும்தான். உள்ளே சக்கரங்கள் வேறு, உடல் வேறு. பழையதன் ஒரு பாகமும் இதில் பொருந்தாது.

இங்கேதான் நம்மூர் அம்பாசடர் வருகிறது. 2014-இல் உற்பத்தி நின்றது. 2017-இல் அந்தப் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பியூஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கார் இல்லை, தொழிற்சாலை இல்லை, வெறும் பெயர். வெறும் பெயருக்கு இத்தனை விலை கிடைக்கும் என்றால், அதை வாங்குகிறவர் பெயரோடு ஒட்டியிருக்கும் பழைய கடமையையும் சேர்த்து வாங்கவேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

ஒரு ரீல் வரிசையை நிறுத்துவது நிறுவனத்தின் உரிமை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நிறுத்துவதற்கு ஓராண்டு முன்பே சொல்லலாம், தேய்கிற நாலைந்து பாகங்களை மட்டுமாவது வாங்கிவைத்துக்கொள்ளட்டும் என்று. உற்பத்தி நின்றபின் பாகங்களின் வரைபடத்தையும் அளவுகளையும் வெளியிடலாம். ஊருக்கு ஊர் லேத் பட்டறை இருக்கிறது, இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரமும் இருக்கிறது. யாராவது செய்துகொள்வார்கள். நிறுவனத்துக்குக் கிடங்குச் செலவும் மிச்சம். எல்லாவற்றையும்விட, புது மாடலில் தேவையில்லாமல் பாகத்தின் அளவை மாற்றாமல் இருக்கலாம். பென் 1936-இல் கொண்டுவந்த செனட்டர் வரிசையைப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றாமலே விற்றது. அதன் பாகங்களுக்கு அலைந்தவர்கள் குறைவு. அதே பென், நிறுத்திய 704இசட், 706இசட் ரீல்களை 2010களில் திரும்பவும் கொண்டுவந்தது. கேட்ட வாடிக்கையாளர்கள் இருந்ததால்தானே?

சட்டத்தை நம்பிப் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுது பார்க்கும் உரிமைக்கு என்று ஒரு சட்டமே போட்டது. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைப்பேசி என்று அதில் பட்டியல் நீள்கிறது. தூண்டில் ரீல் அதில் இல்லை. தூண்டில் கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு துண்டுக் கழியில் ஒரு துண்டு உடைந்து, அந்த மாடலும் நின்றுபோயிருந்தால், மிச்சத் துண்டு தோட்டத்தில் பாகற்கொடிக்குத்தான்.

ஆக, வாங்குகிறவர் கடையிலேயே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனை பேரிங், எத்தனை கிராம் என்பதோடு, இதன் பெயில் ஸ்பிரிங் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னால் வாங்கலாம். "அதெல்லாம் போகாது சார்" என்று சிரித்தால், பக்கத்து அலமாரியில் இருப்பதைக் காட்டச் சொல்வது உத்தமம்.