எலக்ட்ரான் சொல்லும் சேதி

“இதனால் என்ன பயன்?” என்று அடிப்படை ஆய்வுகளைக் குறைகூறுவோர் பலர். கேள்வி நியாயமானதே, உடனே விடை வேண்டும் என்னும் அவசரம்தான் பொருந்தாது.

வெயிலின் புறஊதாக் கதிர் பட்டாலும் டிஎன்ஏவின் அடிப்படை மூலக்கூறுகள் பெரும்பாலும் சிதைவதில்லை. வாங்கிய ஆற்றலை, ஏறத்தாழ ஒரு விநாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில், வெப்பமாக்கி உதறிவிடுகின்றன. சாதாரணக் கேமராவுக்கு எட்டாத வேகம்! ஆகவே, ஆய்வாளர்கள் இரண்டு லேசர் துடிப்புகளைச் செலுத்துகின்றனர். முதலாவது மூலக்கூறைத் தூண்டும். சற்றே தாமதித்து வருவது ஓர் எலக்ட்ரானை வெளியேற்றும். அதன் ஆற்றலை அளந்தால், அக்கணத்தில் மூலக்கூறு இருந்த நிலை தெரியும். தாமதத்தை மாற்றி மாற்றி அளக்க, முழு நிகழ்வும் படம்போல் விரியும். இத்தகைய அதிவேக ஆய்வுக்கு வழிவகுத்த அகமது சுவைல் 1999இல் நோபெல் பரிசு பெற்றார்.

மூலக்கூறு வெயிலைத் தாங்கும் விதமே தெரியாதபோது, அது தாங்காமல் தோல் புற்றுநோய்க்கு வழிவிடுவதை எப்படி விளங்கிக்கொள்வது?